கல்லையா கும்பிடுகிறார்கள்?

வகுப்பில் சிரித்து மாட்டிக்கொண்ட கதையிலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

பாலைநிலங்களைப் பற்றிய பாடம். புவியியல் எடுக்கும் சிஸ்டர் ஒரு பெரிய வண்ணப் படத்தைக் கரும்பலகையில் ஒட்டினார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வெள்ளை வெளேரென்று ஒரு சமவெளி. புல் இல்லை, பூண்டு இல்லை. நடுவில் தன்னந்தனியாக ஒரு பாறை மேடு. அதன்மேல் யானையின் கால்களைப் போலப் பருத்த சில மரங்கள். "இந்தப் பாறை ஆப்பிரிக்காவில், போட்ஸ்வானா நாட்டில் இருக்கிறது. பெயர் லெக்குபு. அங்குள்ள மக்களுக்கு இது புனிதமான இடம்" என்றார்கள் சிஸ்டர்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "கல்லையா சிஸ்டர் கும்பிடுறாங்க?"

வகுப்பே சிரித்தது. நாங்களும்தான் சிரித்தோம். சிஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "யாக்கோபு தலைக்கு வைத்துப் படுத்த கல்லை விடிந்ததும் என்ன செய்தார்?" என்று மட்டும் கேட்டார்கள். மறைக்கல்வித் தேர்வில் பரிசு வாங்குகிறவர்களுக்குக்கூட வாய் திறக்கவில்லை. அந்தக் கல்லைத் தூணாக நாட்டி, எண்ணெய் வார்த்து, அந்த இடத்துக்குப் பெத்தேல் என்று பெயர் வைத்தார் அல்லவா? தெரிந்த கதைதான். சிரிக்கும்போது நினைவுக்கு வரவில்லை!

சிரித்தவர்கள் எல்லாரும் அந்தப் பாறையைப் பற்றிப் படித்துவிட்டு வர வேண்டும் என்பது தண்டனை. இரண்டு வாரம் நூலகத்தில் கிடந்தோம். படிக்கப் படிக்கச் சிரிப்பு போய்விட்டது. சண்டை வந்துவிட்டது. வகுப்பு மூன்று கட்சியாகப் பிரிந்து, மதிய உணவு நேரத்தில்கூட விவாதம் ஓயவில்லை. அதில் எங்கள் கட்சியின் கருத்தைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். உப்பு நிலம் என்றதும் எங்களில் ஒருத்தி, "அப்படியானால் பாத்தி எங்கே?" என்று கேட்டாள். அவளுடைய பெரியப்பா வீடு தூத்துக்குடியில் இருக்கிறது. அவள் பார்த்த உப்பளம் மனிதர் கையால் வெட்டியது. வரப்புக் கட்டி, நீர் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு வாருவது. மக்காடிக்காடி என்னும் இந்த உப்புவெளியை யாரும் வெட்டவில்லை. கலகாரிப் பாலையின் வடகிழக்கில் பல படுகைகள் சேர்ந்து, 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேலாகப் பரந்து கிடக்கின்றன. கிழக்கே இருக்கிற பெரிய படுகைக்குச் சுவா என்று பெயர். அங்கே நெடுங்காலமாக வாழ்ந்துவரும் வேட்டைக் குடிகளின் மொழியில் சுவா என்றால் உப்பு. அந்தச் சுவாவின் தென்மேற்குப் பகுதியில்தான் லெக்குபு நிற்கிறது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம் இருக்கும். உயரமும் அதிகமில்லை. சுற்றிலும் எல்லாம் தட்டையாகக் கிடப்பதால், சிறிய பாறையும் மலைபோலத் தெரிகிறது.

ஒரு காலத்தில் அந்த வெளி முழுவதும் ஏரியாக இருந்ததாம்! ஆப்பிரிக்காவின் பெரிய ஏரிகளில் ஒன்று. பெரிய ஆறுகள் அதில் வந்து விழுந்தன. பிறகு நிலம் மெல்ல மெல்ல உயர்ந்தும் தாழ்ந்தும் ஆறுகள் வேறு பக்கம் திரும்பிவிட்டன, மழையும் குறைந்தது, ஏரி வற்றி உப்பு மிஞ்சியது. இதற்குச் சாட்சி பாறையிலேயே இருக்கிறது. கற்களின்மேல் வெள்ளைப் பூச்சுப் பூசியது போல இருக்கிறதே, அது என்ன தெரியுமா? ஏரி இருந்த காலத்தில் அங்கே வந்து உட்கார்ந்த நீர்ப்பறவைகளின் எச்சம்! கல்லோடு கல்லாக இறுகிப்போய்விட்டது. பாறையின் ஓரங்களில் அலை உருட்டி உருட்டி மழுமழுப்பாக்கிய கூழாங்கற்கள் கிடக்கின்றன. பாலைவனத்தின் நடுவில் கூழாங்கல்! தண்ணீர் போய்விட்டது, கரை மட்டும் இருக்கிறது.

2019-ஆம் ஆண்டு சில அறிவியலாளர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், இன்றைய மனித குலத்தின் தாயகமே இந்தப் பழைய ஏரிக்கரைதான் என்று எழுதினார்கள். வேறு பலர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. எங்களில் சிலர் இந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தாயா, அதனால்தான் அது புனிதம்" என்று துள்ளினார்கள். எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. ஆய்வுக் கட்டுரை வருவதற்கு எவ்வளவோ காலம் முன்னாலேயே அந்த மக்களுக்கு அது புனிதமாகத்தான் இருந்தது. நாளைக்கு அந்த ஆய்வு தவறு என்று ஆனாலும் அவர்கள் அங்கே போவதை நிறுத்தப் போவதில்லை.

பாறையின்மேல் நிற்கும் மரங்களை நாம் பெருக்கமரம் என்கிறோம். பாவோபாப் என்று ஆங்கிலப் புத்தகங்களில் இருக்கிறது. இலை உதிர்ந்த காலத்தில் பார்த்தால், யாரோ பிடுங்கித் தலைகீழாக நட்டுவிட்டது போல இருக்கும். அடிமரம் பஞ்சு போலத் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மண்ணே இல்லாத கல்லிடுக்கில் அவை எப்படி வேர் விட்டனவோ!

மரங்களைவிட எங்களைக் கவர்ந்தது ஒரு மதில். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. கல்லின்மேல் கல்லை அடுக்கி, பிறை வடிவில் கட்டியிருக்கிறார்கள். பல நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதியில் பெரிய அரசு நடத்தியவர்கள், இப்போது ஜிம்பாப்வே என்கிற நாட்டில் பெரும் கற்கோட்டைகள் கட்டினார்கள். இந்த மதிலும் அவர்கள் மரபைச் சேர்ந்தது என்று தொல்லியலாளர்கள் கருதுகிறார்கள். பானை ஓடுகளும், தீக்கோழி முட்டையோட்டில் செய்த மணிகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. மதிலைத் தவிர நூற்றுக்கணக்கான சிறு கற்குவியல்கள் இருக்கின்றன. அவை ஏன்? பிள்ளைப் பருவம் முடிந்து பெரியவர்களாகும் ஆண் பிள்ளைகளை ஊருக்கு வெளியே அழைத்துப்போய்ச் சடங்கு செய்வது அங்கே வழக்கம். அந்தச் சடங்கு இங்கே நடந்திருக்கலாம், ஒவ்வொரு குவியலும் ஒரு பிள்ளை அடுக்கியதாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். ஆண் பிள்ளைகள்தான். ஆனாலும் எங்கள் வயதுப் பிள்ளைகள்! வீட்டைவிட்டு அவ்வளவு தூரம் உப்பில் நடந்து வந்து, இரவில் நடுங்கிக்கொண்டே கல் பொறுக்கி அடுக்கியிருப்பார்களோ என்று நினைத்தபோது, முன்னால் சிரித்த சிரிப்பு எங்களுக்கே கசந்தது.

இன்றைக்கும் சுற்றுவட்டாரத்து மக்கள் மழை வேண்டியும் முன்னோரை நினைத்தும் அங்கே வருகிறார்கள். பாறை இடுக்கில் காணிக்கை வைக்கிறார்கள். மழை வேண்டுவது என்பதை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போட்ஸ்வானாவில் மழைக்குப் 'புலா' என்று பெயர். ஆசீர்வாதத்துக்கும் அதே சொல். அந்த நாட்டுச் சின்னத்தில் எழுதியிருக்கும் ஒரே சொல்லும் புலாதான். 1976-ல் சொந்த நாணயம் வெளியிட்டபோது அதற்கு வைத்த பெயரும் புலா. கடைக்குப் போய்ப் பத்து மழை கொடுத்து ரொட்டி வாங்குகிற நாடு! அப்படிப்பட்டவர்கள், தண்ணீர் இருந்து மறைந்த ஏரியின் நடுவே நின்று மழை கேட்பதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இனி எங்கள் சண்டைக்கு வருகிறோம். முதல் கட்சி, "அது மூடநம்பிக்கை, படித்தவர்கள் அதைத் தட்டிக்கொடுக்கக் கூடாது" என்றது. இவர்களுக்குப் பதில் சொல்லச் சிஸ்டரே எங்களுக்கு உதவினார்கள். 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அச்சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக இருக்கிற எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்பது அதன் கருத்து. நாங்கள் பிறப்பதற்கு எத்தனையோ ஆண்டு முன்பே பெரியவர்கள் முடித்துவைத்த வழக்கை நாங்கள் மறுபடி திறக்க விரும்பவில்லை.

இரண்டாவது கட்சிதான் பலமானது. "இவ்வளவு அழகான இடம் உலகத்துக்கே பொது. யார் வேண்டுமானாலும் போகலாம், ஏறலாம், இரவு தங்கலாம். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை" என்றார்கள். மூன்றாவது கட்சி இதற்கு நேர் எதிர். "வெளியார் ஒருவரும் போகக் கூடாது, வேலி போட்டுவிட வேண்டும்." அவர்களுக்கும் ஒரு காரணம் இருந்தது. உப்புவெளியின் மேல்தோடு அப்பளம் போல மெல்லியது. அதற்குக் கீழே ஈரச் சேறு. வண்டி ஏறினால் தோடு உடைந்து சக்கரம் புதைந்துவிடும். புதையாவிட்டாலும் தடம் விழும். அந்தத் தடம் ஆண்டுக்கணக்கில் மறையாது. படங்களில் பார்த்தோம், வெள்ளைத் துணியில் கரிக்கோடு இழுத்தது போல இருக்கிறது. ஊர்க்காரர்கள் போட்ட பாதையில் போனால் போதும். ஆனால் பக்கத்தில் புதுப்பாதை போட்டுப் பார்க்கத்தான் சிலருக்கு ஆசை.

நாங்கள் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. அந்தப் பாறைக்கு மிக அருகில் இருக்கும் ஊர் மட்ஷுமோ. அந்த ஊர் மக்கள் காயிங்-ஓ என்ற பெயரில் ஓர் அறக்கட்டளை வைத்து, பாறையைப் பராமரித்து வருகிறார்கள். அரசு அதை தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. வருகிறவர்கள் ஊராரிடம் பெயர் எழுதி, கட்டணம் கட்டி, அவர்கள் காட்டும் இடத்தில் கூடாரம் போட வேண்டும். அந்தப் பணம் ஊருக்குப் போகிறது. எங்கள் கருத்து இதுதான்: கதவு இருக்கட்டும், சாவி அந்த ஊராரிடம் இருக்கட்டும். அவர்கள் வா என்றால் போகலாம். இங்கே ஏறாதே என்றால் ஏறக்கூடாது. ஏன் என்று நமக்கு விளங்கும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

கட்டணம் வாங்கினால் புனிதம் கெடாதா என்று கேட்டாள் ஒருத்தி. அவளுடைய அப்பாவே பதில் சொல்லிவிட்டார். பெற்றோர் தினத்தன்று எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "வேறு வருமானமில்லாத ஊர் அம்மா. பணம் வாங்குவது பாவமில்லை, அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள்" என்றார். திருவிழாவில் மெழுகுவர்த்தி விற்கிற பாட்டியை யாரும் குறை சொல்வதில்லையே என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

ஆனால் அவர் வேறொரு கேள்வியும் போட்டார். அதற்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. சுவாவின் மற்றொரு பக்கத்தில் 1991 முதல் ஒரு தொழிற்சாலை நடக்கிறது. நிலத்தடியிலிருந்து உப்புநீரை இறைத்து, பெரிய பெரிய குளங்களில் வெயிலில் காயவைத்து, உப்பும் சோடா உப்பும் எடுக்கிறார்கள். வேலைக்கு வந்தவர்களுக்காகச் சோவா என்று ஒரு நகரமே உண்டாயிற்று. "அவ்வளவு பெரிய காரியத்தை விட்டுவிட்டு, யாரோ நாலு பேர் பாறையில் ஏறுவதற்குச் சண்டை போடுகிறீர்களே?" என்று கேட்டார். கண்ணாடி செய்யச் சோடா உப்பு வேண்டும், சோப்புத் தூளுக்கும் வேண்டும். எங்கள் வகுப்புச் சன்னல் கண்ணாடியையும் சலவைக்குப் போகும் எங்கள் சீருடையையும் வைத்துக்கொண்டு, தொழிற்சாலையே கூடாது என்று எழுத எங்களுக்கு வாய் வரவில்லை. பரந்த வெளியில் தொழிலுக்கும் இடம் உண்டு, பாறைக்கும் இடம் உண்டு என்றுதான் சொல்ல முடிகிறது. பாறையின் இடம் மிகச் சிறியது. அதைக்கூட விடவில்லை என்றால் எப்படி?

இப்போது, எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்த ஒன்று. அந்த உப்புவெளியின் வடக்கே, குவேட்டா என்ற ஊருக்குத் தெற்கில், கிரீன் பெருக்கமரம் என்று ஒரு மரம் இருக்கிறது. அந்த வழியாகப் போன வெள்ளைக்காரப் பயணிகள் 1858-ல் தங்கள் குழுவின் பெயரை அதன் பட்டையில் செதுக்கிவிட்டுப் போனார்கள். இன்றைக்கு அந்த எழுத்தைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள். இதைப் படித்ததும் இரண்டாவது கட்சிக்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். "அன்றைக்கு அவர்கள் செதுக்கினால் வரலாறு, இன்றைக்கு நாம் செதுக்கினால் குற்றமா?" என்று கேட்டார்கள்.

இந்தக் கேள்வியை அவர்கள் சும்மா கேட்கவில்லை. சென்ற ஆண்டு நாங்கள் சுற்றுலா போன ஒரு குன்றில், ஊர்மக்கள் விளக்கு வைக்கும் பாறை ஒன்று இருந்தது. திரும்பி வரும்போது அதில் நான்கு பெயர்கள் இருந்தன. கவராயம் பேசுமா? யாருடைய பெட்டியிலிருந்து வந்தது என்பதை அது சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் பேருந்து ஏறி இந்தப் பள்ளிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "பிள்ளைகள் தெரியாமல் செய்திருக்கும், ஆனாலும் பாறை ஆற நாளாகும் அம்மா" என்று தலைமைச் சகோதரியிடம் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். எங்கள் பள்ளி வாசலில் அவர் செருப்பைக் கழற்றினார். அவருடைய பாறைமேல் நாங்கள் செருப்போடு ஏறியிருந்தோம்.

எனவே 1858-ஆம் ஆண்டுக்காரர்களைப் பற்றி எங்கள் தீர்ப்பு: அவர்களும் கேட்காமல்தான் செதுக்கினார்கள். எழுத்துக்கு வயதாகிவிட்டதால் அது மரியாதை ஆகிவிடாது. இரண்டாவது கட்சியிலிருந்து இரண்டு பேர் அன்றைக்கே எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். நான்கு பெயரில் மற்ற இரண்டு பெயர் எந்தக் கட்சியில் இருந்தன என்று யாரும் எங்களைக் கேட்க வேண்டாம்.

மரங்கள் என்றென்றும் நிற்கும் என்ற எண்ணமும் எங்களுக்குப் போய்விட்டது. அதே உப்புவெளியின் ஓரத்தில் சாப்மன் பெருக்கமரம் என்று ஒரு பெரிய மரம் இருந்தது. வழிப்போக்கர்கள் அதன் பொந்தில் கடிதம் வைத்துவிட்டுப் போவார்களாம். 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் அது சாய்ந்துவிட்டது. 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆப்பிரிக்காவின் மிகப் பழைய பெருக்கமரங்கள் 13-ல் 9 மரங்கள், 2005-க்குப் பிறகு முழுவதுமாகவோ பாதியாகவோ பட்டுப்போய்விட்டன என்று கணக்குச் சொல்கிறது. காலநிலை மாறிவருவது காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். லெக்குபுவின் மரங்கள் இன்னும் நிற்கின்றன.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுற்றுலாப் புத்தகங்களில் இந்தப் பாறைக்குக் 'குபு தீவு' என்று போட்டிருக்கிறார்கள். குபு என்றால் அந்த மொழியில் நீர்யானை. லெக்குபு என்றால் பாறை மேடு. தண்ணீரே இல்லாத இடத்தில் நீர்யானையைக் கொண்டு வந்து நிறுத்திவிட்டார்கள்! சொல்ல எளிதாக இருக்கிறது என்பதற்காகப் பெயரைச் சுருக்குவது எங்களுக்குப் பிடிக்கவில்லை. நம் பெயரை யாராவது அப்படிச் சுருக்கினால் நமக்குக் கோபம் வருகிறதா இல்லையா? ஆகையால் வகுப்பறைப் படத்தின் கீழே இருந்த 'குபு' என்ற எழுத்தின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, லெக்குபு என்று எழுதியிருக்கிறோம். இதற்குச் சிஸ்டரிடம் முன்அனுமதி வாங்கிவிட்டோம்.

நவம்பர் வாக்கில் அங்கே மழைக்காலம் தொடங்கும். நல்ல மழை பெய்த ஆண்டில் வடகிழக்கிலிருந்து நாட்டா ஆறு வந்து உப்புவெளியில் பரவும். முழங்கால் ஆழம்கூட இருக்காது. ஆனாலும் பழைய ஏரி திரும்பி வந்தது போல வானம் முழுவதும் அதில் தெரியும். பூநாரைகள் ஆயிரமாயிரமாக வந்து இறங்கிச் சேற்றில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். அந்த மாதங்களில் பாதை சேறாகிவிடும். எந்த வண்டியும் பாறையை நெருங்க முடியாது. மதிலும், மரங்களும், அந்தப் பிள்ளைகள் அடுக்கிய கற்களும், மழையும் மட்டும் அங்கே இருக்கும்.